ஆலோசனை என்னும் அதிகாரம்: கோல சிலாங்கூர் நிலமும் மூன்று மொழிப் படைப்புகளும்

1. முன்னுரை

மலேசியத் தமிழ்ப் புதினங்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய தமிழர், மலாயாத் துறைமுகங்களில் இறங்கி, காடழித்து, பால்மரம் நட்டு, லயங்களில் வாழ்ந்து மறைந்த வரலாறே அத்தொடக்கம். அது பிழையானதன்று, ஆயினும் முழுமையானதும் அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழர் வந்திறங்குவதற்கு முன்பே, அவர்கள் உழைக்கவிருந்த நிலம் எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எவ்வழியாக மாறியது என்னும் வினா அத்தொடக்கத்தில் எழுவதில்லை.

சிலாங்கூரைப் பொறுத்தவரையில் அம்மாற்றம் நாட்டைப் போரில் வென்று கைப்பற்றியதால் நிகழ்ந்ததன்று. போர்க்கப்பல்கள் கடற்கரையில் நின்றன என்பது உண்மை. எனினும் ஆட்சியுரிமை கைமாறியது கடிதங்களாலும் உடன்படிக்கைகளாலும், அவற்றுக்கும் மேலாக ‘ஆலோசனை’ என்னும் ஒரு சொல்லாலும் ஆகும். பேரரசு ஒன்று சிற்றரசுகள் நிறைந்த வட்டாரத்தில் தன் செல்வாக்கை அரசதந்திர வழியில் எவ்வாறு நிலைநிறுத்தும் என்பதற்குச் சிலாங்கூர் தக்கதொரு சான்று.

இச்சான்றினை இலக்கியத்தின் வழி நோக்க முற்படும் நாம், ஆய்வுக் களமாகக் கோல சிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறோம். சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் புக்கிட் மெலாவத்தி, உள்நாட்டை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா, வடக்கே பேராவின் எல்லையாய் ஓடும் பெர்ணம் ஆறு ஆகியன இக்களத்தின் அடையாளங்கள். இந்நிலத்தோடும் இம்மாநிலத்தோடும் தொடர்புடைய மூன்று மொழிப் படைப்புகளை, அதாவது மலாய் வரலாற்று நூல் ஒன்றையும் பிரெஞ்சுப் புதினம் ஒன்றையும் தமிழ்த் தோட்டப் புதினங்களையும் ஒருங்கே வைத்து, அவை அதிகாரத்தை எங்கே கண்டன, எங்கே காணத் தவறின என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

2. கோட்டையும் கடிதமும்: மலாய் நூலின் பார்வை

ரியாவைச் சேர்ந்த ராஜா அலி ஹாஜி 1860களில் ஜாவி எழுத்தில் இயற்றிய ‘துஹ்ஃபத் அல்-நஃபீஸ்’ பூகிஸ் குடியினரின் வரலாற்றைக் கூறும் பெருநூல். சிலாங்கூர் அரசகுலம் பூகிஸ் மரபினதாகலின், அந்நூலில் சிலாங்கூரும் இடம்பெறுகிறது. 1784ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் அதில் சிறப்பிடம் பெறுகின்றன. ரியாவின் தலைவர் ராஜா ஹாஜி மலாக்காவில் டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டபோது, அவருடைய உடன்பிறந்தாரின் மகனான சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் துணை நின்றார். ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தபின் டச்சுக் கப்பற்படை சிலாங்கூரை நோக்கி வந்தது. சுல்தான் பகாங்கிற்குப் பின்வாங்கினார். மெலாவத்திக் குன்றிலிருந்த கோட்டை, அன்றைய டச்சுத் தலைமை ஆளுநரின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என வழங்கலாயிற்று. 1785இல் பகாங்கின் உதவியோடு சுல்தான் கோட்டையை மீட்டார். ஆனால் டச்சுக்காரர் கடல்வழியை அடைத்தனர். 1786இல் சுல்தான் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது.

இந்நிகழ்ச்சித் தொடரில் நம் கருத்தைக் கவர்வது போரின் வெற்றி தோல்விகள் அல்ல. கோட்டையைப் போரில் மீட்ட ஓர் அரசன், அடுத்த ஆண்டே எழுத்தில் இணங்க வேண்டியவனானான் என்பதே கவனத்திற்குரியது. ஈயம் விற்றால்தான் அரசு நடக்கும். கடல்வழி திறந்தால்தான் ஈயம் விற்கும். பீரங்கியால் முடியாததை முற்றுகையும் கையெழுத்தும் முடித்தன.

ராஜா அலி ஹாஜி இவ்வுண்மையை அறிந்தவராக எழுதுகிறார். தூதுவர் வருகை, கடிதம் கொணரப்படும் முறை, ஆணையிட்டு உறுதி செய்தல், அவ்வுறுதி முறிதல் ஆகியவை அவர் நூலில் போர்க்களத்திற்கு நிகரான இடத்தைப் பெறுகின்றன. அரசு என்பது உறவுகளின் வலை என்பதும், அவ்வலையில் ஓரிழை அறுந்தால் அந்நியர் நுழைவர் என்பதும் அவர் நோக்கு. சிற்றரசின் உள்ளிருந்து பேரரசைக் காணும் பார்வை இது. ஆனால் இந்நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. அரசர், தலைவர், கப்பல், கோட்டை என நிற்கும் அதன் உலகில் நிலத்தில் உழைப்போர்க்கு இடம் மிகக் குறைவு. மேலிருந்து கீழே பார்க்கும் கண் கீழ்ப்படியை எட்டுமுன்னரே நின்றுவிடுகிறது.

3. ஆலோசனையின் வருகை

டச்சுக்காரரை அடுத்து வந்த பிரித்தானியரின் வழி இன்னும் நுட்பமானது. 1818இல் சிலாங்கூருடன் வணிக உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தீபகற்பத்தைப் பிரித்தானியச் செல்வாக்குப் பகுதியாக்கியது. சிலாங்கூர் சுல்தானோ பேரா சுல்தானோ அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பினர் அல்லர். அடுத்த ஆண்டு, பினாங்கிலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் சுல்தான் இப்ராஹிமோடு செய்த உடன்படிக்கை பெர்ணம் ஆற்றைச் சிலாங்கூருக்கும் பேராவிற்கும் எல்லையாக வகுத்தது. 1826இல் சயாமுடன் செய்யப்பட்ட பர்னி உடன்படிக்கை, சயாம் சிலாங்கூரைத் தாக்கலாகாது என்றது. இவ்வாறு ஒன்பது ஆண்டுகளுக்குள், தெற்கே டச்சுக்காரர், வடக்கே சயாம், அண்டையில் பேரா என்னும் மூன்று திசையிலும் சிலாங்கூரின் உறவுகளைப் பிரித்தானியரே வரையறுத்துவிட்டனர். ஒரு பிடி மண்ணைக்கூட அவர்கள் அப்போது கேட்கவில்லை.

1860களின் பிற்பகுதியில் ஈய வருவாய் குறித்துச் சிலாங்கூர் இளவரசர்களிடையே மூண்ட உள்நாட்டுப் போர் அடுத்த வாய்ப்பை அளித்தது. 1871இல் பினாங்கைச் சேர்ந்த வணிகக் கலம் ஒன்று கொள்ளையிடப்பட்டுக் கோல சிலாங்கூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை முன்னிட்டு ‘ரினால்டோ’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் அவ்வாண்டு ஜூலையில் கோல சிலாங்கூர்க் கோட்டைகளைக் குண்டுவீசித் தகர்த்தது. அதனைத் தொடர்ந்து, நீரிணைக் குடியேற்றங்களின் செயலாளர் பர்ச், லங்காட்டில் இருந்த சுல்தான் அப்துல் சமாட்டிடம் சென்று, போரிடும் தரப்புகளுள் ஒருவரான துங்கு குடினின் அதிகாரத்தை உறுதி செய்யும் கடிதத்தைப் பெற்றார். கோல சிலாங்கூரில் வெடித்தது பீரங்கி. லங்காட்டில் பெறப்பட்டது கடிதம். இவ்விரண்டையும் ஒரே செயலின் இரு பகுதிகளாகவே கொள்ளுதல் தகும்.

1874 ஜனவரி 20இல் பேராத் தலைவர்களோடு பங்கோர் உடன்படிக்கை செய்யப்பட்டது. சமயமும் மலாய் வழக்காறும் தவிர்ந்த அனைத்திலும் பிரித்தானிய ரெசிடெண்டின் ஆலோசனை கேட்கப்பட வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். சிலாங்கூரில் இத்தகைய உடன்படிக்கையும் தேவைப்படவில்லை. 1874 ஆகஸ்டில் இளம் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் லங்காட்டில் சுல்தானின் அருகில் இருத்தப்பட்டார். அடுத்த ஆண்டு டேவிட்சன் ரெசிடெண்டானார். சுல்தானே விரும்பி அழைத்ததாக ஆவணங்களில் அது பதிவாயிற்று. 1877இல் அரசு மன்றம் அமைந்தது. 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் அடுத்த ஆண்டு உருவான கூட்டு மலாய் மாநிலங்களாலும், அதே ‘ஆலோசனை’ நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான ஆட்சியாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பை முதலில் ஏற்றவரும் சுவெட்டன்ஹாமே.

‘ஆலோசனை’ என்னும் சொல்லின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. தமிழில் ஆலோசனை கூறுவோர் அமைச்சர். கேட்டு முடிவெடுப்பவர் அரசர். ஏற்பதும் மறுப்பதும் அரசர் உரிமை. ரெசிடெண்ட் முறையில் சொல் மாறவில்லை; உரிமை இடம் மாறியது. பேராவில் பர்ச் 1875 நவம்பரில் கொல்லப்பட்டபோது படை வந்தது. சுல்தான் அப்துல்லா பின்னர் நாடு கடத்தப்பட்டார். பெர்ணம் ஆற்றின் மறுகரையில் நிகழ்ந்தது இக்கரைக்கும் பாடமாயிற்று. மறுக்க இயலாத ஆலோசனைக்குக் கட்டளை என்பதே பெயர். ஆனால் கட்டளையாக அது எழுதப்படவில்லை என்பதனாலேயே, அதன் பொறுப்பு எவரையும் சாராததாயிற்று.

4. தோட்ட முதலாளியின் புதினம்

இந்த ஆலோசனை ஆட்சியின் நேரடி விளைவு நிலத்தில் தெரிந்தது. நிலச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நிலம் அளக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, மாவட்ட அலுவலகங்களின் வழி விண்ணப்பித்தோர்க்கு வழங்கப்பட்டது. ஐரோப்பிய முதலீட்டாளர் ஒருவர் நிலம் பெறுவதற்கு உள்ளூர்த் தலைவரோடு உறவாடவோ சுல்தானின் அவைக்குச் செல்லவோ வேண்டியிருக்கவில்லை. அதற்குமுன் நூறாண்டுகள் நடந்த அரசதந்திரம் முழுவதும் ஓர் அலுவலக விண்ணப்பத்திற்குள் அடங்கிவிட்டது.

அவ்வழியில் கோல சிலாங்கூருக்கு வந்தவர்களுள் ஒருவர் ஆன்றி ஃபொக்கொனியே. பிரான்ஸ் நாட்டவரான இவர் 1905இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். பெல்ஜிய முதலீட்டாளர் ஆட்ரியன் ஹாலெட்டின் தொடர்பால் அம்முயற்சி பெருநிறுவனமாக வளர்ந்தது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் அவர் செம்பனையை வணிக அளவில் பயிரிடத் தொடங்கினார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக அது போற்றப்படுகிறது. தமிழ்ப் பெயரைத் தாங்கிய தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரின் நிருவாகத்தில், பிரித்தானியக் காப்பில் இருந்த மலாய் மாநிலத்தில் தமிழர் உழைத்தனர். இத்தனை கைகள் ஒரே மண்ணில் சந்தித்தமைக்கு ஆலோசனை ஆட்சியே வழிவகுத்தது.

ஃபொக்கொனியே 1930இல் வெளியிட்ட ‘மலேசி’ என்னும் புதினம் அவ்வாண்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டு ‘மலாயாவின் ஆன்மா’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. முதல் உலகப் போரில் பங்கேற்ற லெஸ்கால் என்னும் இளைஞன் கதை சொல்ல, ரொலேன் என்னும் மூத்த தோட்டக்காரர் அவனுக்கு இந்நாட்டைக் காணக் கற்பிக்கிறார். காடு, ஆறு, மழை, இரவு ஆகியன பற்றிய வருணனைகளில் இப்புதினம் அடையும் உயரம் மறுக்கவியலாதது. மலாய்ப் பந்துன்களை அதன் நடையில் இழைத்திருக்கும் பாங்கும் பாராட்டுக்குரியது. சக ஐரோப்பியரின் மேட்டிமையை எள்ளும் நேர்மையும் அதில் உண்டு.

ஆயினும் நம் வினாவை இப்புதினத்தின் முன் வைக்கும்போது ஒரு வெற்றிடம் புலனாகிறது. இந்நாடு இங்கு ஓர் ஆன்மாவாக, ஒரு மனநிலையாக, நாகரிகத்தால் களைத்தவர் தேடி வரும் புகலிடமாகத் தோன்றுகிறது. ஓர் அரசாக அது தோன்றுவதில்லை. ரெசிடெண்டும் மாவட்ட அதிகாரியும் கதையின் போக்கைத் தீர்மானிப்பவர்களாக அமையவில்லை. மலாய் இளைஞன் இஸ்மாயில் வெறிகொண்டு அமோக்கில் வீழ்வது புதினத்தின் உச்சம். அவ்வெறி இன இயல்பின் மறைபொருளாகவே பெரிதும் விளக்கம் பெறுகிறது. இறையாண்மை இழந்த சமுதாயம் ஒன்றின் வரலாற்றோடு அது இணைக்கப்படுவதில்லை. தமிழ்த் தொழிலாளரும் இப்புதினத்தில் வருகின்றனர். நிலக்காட்சியின் ஒரு பகுதியாக, வண்ணமாக, கூட்டமாக வருகின்றனர்.

இதனை ஆசிரியரின் அறியாமை என நாம் கொள்ளவில்லை. பல்லாண்டுகள் தோட்டம் நடத்தியவர்க்கு நில உரிமையும் தொழிலாளர் சட்டமும் எங்கிருந்து வந்தன என்பது தெரியாதிருக்க இயலாது. தோட்ட முதலாளியாக அவர் அறிந்ததைப் புதின ஆசிரியராக அவர் எழுதவில்லை என்பதே பொருந்தும். ஆலோசனையாக வந்த அதிகாரம் தன்னை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதன் பயனைத் துய்ப்பவர்க்கு அது காற்றைப் போல இயற்கையாகிவிடுகிறது. ‘மலேசி’யின் அழகுக்குரிய அமைதியில் ஒரு பங்கு அம்மறைவிலிருந்தே பிறக்கிறது.

5. தோட்டப் புதினங்களின் அதிகாரப் படிநிலை

தமிழ்ப் புதினங்கள் இதற்கு நேரெதிரான இடத்திலிருந்து எழுந்தன. லயத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றினுடையது. விடியற்காலைப் பெரட்டு, பால்வெட்டு, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, சம்பள நாள் என விரியும் அவ்வுலகை ‘மலேசி’ போன்ற நூலில் காண்பதற்கில்லை. மலேசியத் தமிழ் எழுத்தின் தலையாய சாதனை இவ்வுலகை உள்ளிருந்து பதிவு செய்தமையே என்பதில் நமக்கு ஐயமில்லை.

இவ்வுலகில் அதிகாரம் ஒரு படிநிலையாக அமைகிறது: கங்காணி, அவருக்கு மேல் கிராணி, அவருக்கு மேல் துரை. துரையே உச்சி. துரைக்கு மேல் வானம். நாட்டார் பாடல்கள் தொடங்கிப் பிற்காலப் புதினங்கள் வரை இப்படிநிலை பெரிதும் மாறுவதில்லை. நல்ல துரை, கெட்ட துரை என்னும் பாகுபாடு உண்டு. துரைக்கு நிலத்தை அளித்தது எது, அவர் கொடுக்க வேண்டிய கூலியைத் தீர்மானித்தது எந்த அவை என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. தமிழகத்திலிருந்து வந்து தோட்ட வாழ்வைக் கண்டு அகிலன் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தொழிலாளர் துயரைப் பரிவோடு காட்டுகிறது. பரிவின் எல்லை தோட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது.

ஜப்பானியர் காலத்தைக் கூறும் புதினங்களில் இப்படிநிலை முதன்முறையாகக் குலைகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்டத்து மனிதரை இரு பேரரசுகளின் மோதலுக்கு நடுவே நிறுத்துகிறது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் வீழ்ந்து பிரித்தானியர் மீண்டும் காலூன்றுவதற்கு இடைப்பட்ட காலத்தின் குழப்பத்தைத் தென் சிலாங்கூர்ப் பின்னணியில் சித்திரிக்கிறது. துரை ஓடிப்போக முடியும், வேறொருவர் அவ்விடத்திற்கு வர முடியும் என்பதைத் தொழிலாளர் கண்ட காலம் அது. சுல்தான் அப்துல் சமாட்டின் அருகில் சுவெட்டன்ஹாம் இருத்தப்பட்டதும் இதே லங்காட் வட்டாரத்தில்தான். எழுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே மெல்லிய குரலில் தொடங்கிய ஆட்சி, அதே கரையில் ஒரு கணம் அறுபட்டு நின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துக் காணும் வாய்ப்பு அப்புதினக் களத்திலேயே இருந்தது. அது பயன்படுத்தப்படவில்லை, திறனாய்வாளரும் அதனைச் சுட்டிக்காட்டவில்லை.

தமிழிலக்கிய மரபு அரசதந்திரத்தை அறியாத மரபன்று. அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு பதிவு செய்கிறது. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கோவூர்கிழார் பேசினார். திருக்குறள் தூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது. இத்தகைய மரபில் வந்த எழுத்து, தோட்டத்திற்கு வந்தவுடன் அரசவையை மறந்ததேன் என்பது சிந்தித்தற்குரியது. புலவர் மன்னருக்கு இணையாக நின்று பேசியவர். தோட்டத்தில் தமிழர் பேசும் இடத்தில் வைக்கப்படவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் பேசினர்.

6. இரு அலுவலகங்களுக்கிடையே

அவ்வாறு பிறர் பேசிய பேச்சே தமிழர் வாழ்வைத் தீர்மானித்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரைக் கொணரும் செலவு தோட்டங்களுக்குப் பொதுவாயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் பணியாற்றலானார். 1920களின் இறுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு எனத் தரக்கூலி வரையறுக்கப்பட்டது. 1936-37இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் கூலிக் குறைப்பை ஒட்டி, உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு ஜூன் 15 முதல் தடை செய்தது.

மேலோட்டமாக நோக்கின் இவை இரு அரசுகளுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தைகள். ஆனால் அன்றைய இந்திய அரசும் பிரித்தானியப் பேரரசின் ஓர் உறுப்பே. டில்லியும் கோலாலம்பூரும் ஒரே பேரரசின் இரு அலுவலகங்கள். இந்தியத் தேசிய இயக்கத்தின் அழுத்தமே டில்லி அலுவலகத்தைச் சில வேளைகளில் தொழிலாளர் பக்கம் சாயச் செய்தது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. எவ்வாறாயினும், புக்கிட் ரோத்தானில் பால்மரம் வெட்டிய பெண்ணின் 40 காசு அவரைக் கேட்டு முடிவாகவில்லை. சுல்தானுக்கு ஆலோசனை கூறப்பட்டதைப் போலவே, தொழிலாளிக்கு நலன் கூறப்பட்டது. இருவருமே தம் பெயரால் நடந்த பேச்சில் இடம்பெறாதவர்கள்.

1941இல் இந்நிலை ஒருமுறை உடைந்தது. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தம் கோரிக்கைகளைத் தாமே முன்வைத்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் பணியாளரை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. இக்கோரிக்கைப் பட்டியலை நாம் ஓர் இலக்கிய ஆவணமாகவே கருதுகிறோம். கூலியும் தன்மானமும் ஒரே தாளில், ஒரே தரத்தில், கெஞ்சாத நடையில் எழுதப்பட்டன. அதற்கு விடையாக ஆலோசனை வரவில்லை. அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இந்தியப் படையினர் வரவழைக்கப்பட்டனர், ஐவர் உயிரிழந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின்னரும் அதே முறை தொடர்ந்தது. 1945இன் இறுதியில் ஹரால்ட் மெக்மைக்கேல் சுல்தான்களைத் தனித்தனியே சந்தித்துப் புதிய உடன்படிக்கைகளில் கையெழுத்துப் பெற்றார். 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் பிறந்தது. இம்முறை மலாய் மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர்; 1948இல் மலாயாக் கூட்டமைப்பு அதன் இடத்தைப் பெற்றது. தோட்டத் தமிழருக்கு முதல் திட்டம் எளிய குடியுரிமையை வாக்களித்தது. இரண்டாவது அதனைக் கடினமாக்கியது. இரண்டுமே அவர்களோடு பேசி முடிவானவை அல்ல. மலாய்ச் சமுதாயத்தின் எதிர்ப்பு தமிழருக்கு எதிரான பகையாக மட்டும் நம் எழுத்துகளில் சில வேளை வாசிக்கப்படுகிறது. எழுபது ஆண்டுக்கால ஆலோசனையை அனுபவித்த சமுதாயம், மற்றுமொரு கையெழுத்தை ஏன் ஐயுற்றது என்பதை உணர 1874இன் சிலாங்கூரைத் தமிழர் அறிந்திருக்க வேண்டும்.

7. ஒரு மறுப்பும் விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். புதினம் வரலாற்றுப் பாடநூல் அன்று. லயத்தில் வாழ்ந்தவர் ரெசிடெண்டைக் கண்டதில்லை. காணாததை எழுதாமை உண்மைக்கு உகந்ததே என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. தோட்டத் தொழிலாளியின் வாயில் பங்கோர் உடன்படிக்கையைத் திணிப்பது கலையாகாது.

ஆனால் பாத்திரத்தின் பார்வை எல்லையும் ஆசிரியரின் பார்வை எல்லையும் ஒன்றல்ல. துரைக்கு மேல் வானம் எனப் பாத்திரம் நம்பலாம். ஆசிரியரும் அவ்வாறே நம்பினால் கதைக்குள் துன்பம் மட்டுமே எஞ்சும், காரணம் எஞ்சாது. துன்பத்தின் காரணம் தீய துரை என்றால் தீர்வு நல்ல துரை. நாட்டு விடுதலைக்கு முன்னும் பின்னும் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்று வெளியேறியபோது நிகழ்ந்த துண்டாடல் இதனை மெய்ப்பித்தது. துரை போனார், லயத்தின் மீதோ நிலத்தின் மீதோ தொழிலாளிக்கு எவ்வுரிமையும் இல்லை என்பது அன்றுதான் வெளிப்பட்டது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தார். சிக்கலின் வேர் துரையின் குணத்தில் அல்ல, நில உரிமையில் உள்ளது என்பதை அம்முயற்சி உணர்ந்திருந்தது. அவ்வுணர்வு நம் புதினங்களில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பதே நம் மதிப்பீடு.

திறனாய்வாளர்க்கும் இதில் பங்குண்டு. கண்ணீரை அளவுகோலாகக் கொண்டு புதினங்களைத் தரம் பிரித்து வந்தோம். எவ்வளவு துயரம் காட்டப்பட்டது என்று கேட்டோம். அத்துயரம் எங்கே முடிவு செய்யப்பட்டது என்று கேட்கவில்லை. வட சிலாங்கூரில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் நகரங்களாகவும் மாறியுள்ளன. அத்தோட்டங்களில் பிறந்தோரின் பிள்ளைகள் இன்று இப்புதினங்களை வகுப்பறையில் வாசிக்கின்றனர். பாட்டன் பட்ட துன்பத்தை மட்டும் அவர்கள் கற்றால் அவர்களுக்கு இரக்கமோ வெட்கமோ மிஞ்சும். அத்துன்பத்தின் ஏற்பாட்டைக் கற்றால், தம் நிலை இயற்கையின் விதியன்று, மனிதர் எழுதிய தாள்களின் விளைவு என்பதை அறிவர்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் தெளிவாகின்றன. மலாய் நூல் அரசதந்திரத்தைக் கண்டது, உழைப்போரைக் காணவில்லை. பிரெஞ்சுப் புதினம் நிலத்தைக் கண்டது; அந்நிலம் கிடைத்த வழியை மறைத்தது. தமிழ்ப் புதினங்கள் உழைப்போரைக் கண்டன. உழைப்பைத் தீர்மானித்த அவையைக் காணவில்லை. சிலாங்கூர் மண்ணின் அனுபவத்தை இவற்றுள் எதுவும் தனித்து நின்று முழுமையாகக் கூறவில்லை.

ஆகவே மலேசியத் தமிழ்ப் புதினத்தைத் தமிழ்ப் புதினங்களோடு மட்டும் ஒப்பிடும் வழக்கம் விரிவுபெற வேண்டும். இந்திய ஆய்வியல் மாணவர் ‘துஹ்ஃபத் அல்-நஃபீஸ்’ போன்ற மலாய் நூல்களைத் தம் பாடத்தின் பகுதியாகவே பயில வேண்டும். உடன்படிக்கைகள், முகவர் அறிக்கைகள், தொழிலாளர் கோரிக்கைப் பட்டியல்கள் ஆகியவற்றையும் நடையும் நோக்கமும் உடைய எழுத்துகளாகக் கொண்டு, இலக்கியத்திற்குரிய கூர்மையோடு வாசிக்க வேண்டும். கேட்டு நடக்க வேண்டிய ஆலோசனை, விரும்பி அழைத்த விருந்தினர், தொழிலாளர் நலன் ஆகிய சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி இலக்கிய மாணவர்க்கே உரியது.

மெலாவத்திக் குன்றின் பீரங்கிகளைக் காண்போர் பலர். அவற்றைவிட நெடுந்தொலைவு பாய்ந்தவை அக்குன்றைச் சுற்றி எழுதப்பட்ட கடிதங்கள். அவை தைத்த இடங்களைத் தேடிக் காட்டும் புதினம் தமிழில் இனித்தான் எழுதப்பட வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் கடமை திறனாய்வுக்கு உண்டு.